வராத பஸ்ஸின் விலை

ஓர் ஆசிரியை காலை ஏழரை மணிக்குள் தன் பாடசாலையைச் சென்றடைவது எவ்வாறு என்பது ஒரு நாட்டுப் பிரச்சினையாகுமா என்று வாசகர்கள் வினவக்கூடும். அந்நியச் செலாவணி, கடன் மறுசீரமைப்பு, சர்வதேச நாணய நிதியம் என்னும் பெரும் பொருள்கள் பேசப்படும் காலத்தில், ஒரு ஸ்கூட்டரின் விலையைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு நான் சமாதானம் கூறக் கடமைப்பட்டுள்ளேன். அப்பெரும் பொருள்கள் யாவும் இறுதியில் வந்து இறங்குவது சாதாரண மக்களின் மாதச் சம்பளத்தின் மீதே. அவ்வாறு இறங்கும்போது அவை எத்தகைய உருவம் கொள்கின்றன என்பதை, ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் புறப்பட்ட அனுபவத்தினால் நான் ஓரளவு அறிந்துகொண்டேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

என் பெறாமகள் ஓர் ஆசிரியை. 2025 ஆம் ஆண்டில் அவளுக்கு இடமாற்றம் கிடைத்தது. வீடு நல்லூரில், புதிய பாடசாலையோ தென்மராட்சியில், சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியை விட்டு விலகி உள்ளே போகவேண்டிய கிராமமொன்றில். போக 25, வர 25 ஆக நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரை பஸ்ஸுக்குக் குறைவில்லை. இடர் அதன் பின்னரே தொடங்குகிறது. சாவகச்சேரியிலிருந்து உள்ளூருக்குப் போகும் காலைப் பஸ் சில நாள்களில் நேரத்துக்கு வரும். சில நாள்களில் பிந்தி வரும். சில நாள்களில் வரவே மாட்டாது. அன்று வருமா என்பதைத் தரிப்பிடத்தில் நிற்போருள் எவரும் அறியார்.

ஏழரை மணிக்கு வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அக்கோட்டுக்குக் கீழே கையொப்பமிடுவதன் பொருளை ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டும் அவள் ஒரு மாதத்தில் நான்கு முறை கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டாள். ஐந்தாம் முறை முச்சக்கரவண்டியொன்றை அமர்த்திக்கொண்டு போனாள். அன்று மாலை என்னிடம் வந்து, ஸ்கூட்டர் வாங்குவது கட்டுப்படியாகுமா என்று கேட்டாள். நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடிபாட்டிற் பிறந்த வண்டி

கணக்குக்குச் செல்லுமுன் அவ்வண்டியின் வரலாற்றை ஒரு சிறிது நினைவு கூர்தல் பயனுடைத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி நாட்டின் வீதிகளும் பாலங்களும் தொழிற்சாலைகளும் குண்டுவீச்சினாற் சிதைந்து கிடந்தன. பொந்தெதேராவில் விமானம் கட்டிய பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலையும் அவ்வாறு அழிந்தவற்றுள் ஒன்று. இனி விமானம் கட்டிப் பிழைக்க வழியில்லை என்ற நிலையில், மோட்டார்க் கார் வாங்க வசதியற்ற மக்களுக்காக மலிவான வண்டியொன்றைச் செய்ய அந்நிறுவனம் தீர்மானித்தது. அப்பணி கொராதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு மோட்டார்ச் சைக்கிள் என்றாலே பிடிக்காது. ஆடையில் எண்ணெய் படிகிறது, காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டியிருக்கிறது, சில்லுக்குக் காற்றுப் போனால் மாற்றுவது பெரும்பாடு என்பன அவர் கண்ட குறைகள்.

அக்குறைகளை ஒவ்வொன்றாக நீக்கியதன் விளைவே 1946 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திற் காப்புரிமை பெற்ற வெஸ்பா. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியிற் குளவி. இயந்திரம் பின்சில்லின் பக்கத்தில் மூடியினுள் மறைந்தது. முன்னே காலுக்கு மறைப்பு வந்தது. இருக்கைக்கும் கைபிடிக்கும் இடையே வெறும் தளம் இருந்தமையால், பாவாடை அணிந்த பெண்ணும் ஒரு நாற்காலியில் உட்காருவதுபோல அதில் உட்காரலாயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஸ்கூட்டரின் அடிப்படை அமைப்பு அதுவே. பிற்காலத்தில் வந்த பெரிய மாற்றம், கியர் மாற்றும் வேலையை இயந்திரமே இரப்பர்ப் பெல்ற் ஒன்றின் துணைகொண்டு தானாகச் செய்துகொள்வதாகும். இதனால் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எனினும் ஓட்டப் பழகுவது மிக எளிதாயிற்று.

சேலை உடுத்துப் பாடசாலைக்குச் செல்லும் நம் ஆசிரியைகள் மோட்டார்ச் சைக்கிளை விட்டு ஸ்கூட்டரை நாடியதன் காரணம் இவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. போரினால் வீதியும் போக்குவரத்தும் சிதைந்த ஒரு தேசத்தின் தேவையிலிருந்து பிறந்த வண்டி, போர் கண்ட நம் பிரதேசத்திலும் வேரூன்றியதில் வியப்பில்லை. 1990 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலினால் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓட்டியவர்கள் நாம். அந்நாளிற் சைக்கிளே நம் பஸ், சைக்கிளே நம் லொறி, சைக்கிளே நம் நோயாளர் வண்டி. சைக்கிளின் மீதேறி ஊரெங்கும் சென்று பழகிய பெண்களின் புதல்வியரே இன்று ஸ்கூட்டரில் ஏறியிருக்கின்றனர். இதை நாகரிக மோகம் என்று சில பெரியவர்கள் குறைகூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு வாரம் காலை ஆறரை மணிக்குச் சாவகச்சேரித் தரிப்பிடத்தில் நின்று பார்ப்பது நல்லது.

விலை ஏறிய விதம்

இனி விலைக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதங்களுக்கென்று பலரும் எண்ணியிருந்த அத்தடை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீடித்தது. 2022 ஏப்ரில் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. பெப்ரவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டுகளின் முன்னே இரவு பகலாக வரிசைகள் நின்றன. பாடசாலைகள் சில காலம் வாரத்தில் மூன்று நாள்கள் மாத்திரமே நடைபெற்றன.

அவ்வாண்டு ஜூலையிற் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது, மோட்டார்ச் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் வாரமொன்றுக்கு 4 லீற்றர் வழங்கப்பட்டது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொண்டால் அது 180 கிலோமீற்றருக்குப் போதும். என் பெறாமகளின் இன்றைய பயணமோ வாரத்துக்கு 250 கிலோமீற்றர். அவள் அக்காலத்தில் இப்பாடசாலையிற் கற்பித்திருந்தாளாயின், வியாழக்கிழமை வீடு திரும்பும் வழியில் வீதியில் நின்றிருப்பாள். அம்முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு ஸ்கூட்டரை நம்பி வேலைக்குப் போகிறவர் எவரும் அந்த 4 லீற்றர் கணக்கை மறந்துவிடலாகாது.

இறக்குமதி நின்ற காலத்தில் நிகழ்ந்த விந்தை யாதெனில், பழைய வண்டிகளின் விலை ஏறியமையே. ஓடத் தேய்ந்து விலை குறைவது வாகனத்தின் இயல்பு. வருவது நின்றதும் அவ்வியல்பு தலைகீழாயிற்று. இது உலகம் காணாத புதுமையன்று. இந்தியாவில் 1970 களிலும் அதன் பின்னரும், உற்பத்திக்கு அரசாங்கம் உச்சவரம்பு விதித்திருந்த காலத்தில், பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். கையில் வண்டி வைத்திருந்தவர் அதைப் புதியதன் விலைக்கும் மேலாக விற்க முடிந்தது. எதனைத் தட்டுப்பாடாக்குகிறோமோ அதனை வைத்திருப்பவன் வரி அறவிடுபவனாகிவிடுகிறான். அந்த வரி திறைசேரிக்குப் போவதில்லை.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. விலை விழும் என்று காத்திருந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். ரூபாவின் பெறுமதி முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. டொலர் 300 ரூபாவை அண்டியே நின்றது. அதன்மேல் சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை என்பன சேர்ந்தன. பெறுமதி சேர் வரியோ 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்திருந்தது. இவ்வரி பொருளின் விலைமீது மாத்திரமன்றி, அதன்மீது ஏற்கெனவே சுமத்தப்பட்ட தீர்வைகளையும் கூட்டிய தொகையின் மீதே கணிக்கப்படுகிறது. ஆகவே வரிக்கும் வரி கட்டுகிறோம். அதே 2024 ஜனவரி முதல் பெற்றோலும் பெறுமதி சேர் வரிக்கு உட்பட்டது. வண்டி வாங்கும்போது ஒருமுறை கட்டிய வரியை, பெற்றோல் நிரப்புந்தோறும் மீண்டும் கட்டுகிறோம்.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. கையிருப்பில் டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாடு, வாகனங்களுக்காகக் கதவை அகலத் திறந்துவிட முடியாது. 2023 மார்ச்சில் நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏறக்குறைய 300 கோடி டொலர் ஏற்பாட்டின்கீழ் வருமானத்தைப் பெருக்கவேண்டிய கட்டாயமும் அதற்கு உண்டு. நான் எழுப்பும் வினா வேறு. சொகுசுக்காக வாங்கப்படும் நான்கு சில்லு வாகனத்தையும், பஸ் வராத குறையை நிரப்ப வாங்கப்படும் இரண்டு சில்லு வண்டியையும் ஒரே கண்ணோடு நோக்கலாமா? இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள் வகையைச் சேர்ந்தவை. அவற்றிற் பெரும்பாலானவை தொழிலுக்குப் போய் வருவோரின் கால்கள்.

மூன்று வழிகள்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: புதியது, மின்சாரத்தில் ஓடுவது, பழையது.

புதிய வண்டிக்குக் கையிற் பணம் போதாது. ஆகவே லீசிங்கை நாடவேண்டும். லீசிங் விளம்பரங்களைப் படிப்போர் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நன்று. 400,000 ரூபாவை மூன்று ஆண்டுகளுக்குப் பெறுவதாகவும், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்லப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் வட்டி கணித்தால் 144,000 ரூபா. ஆக மொத்தம் 544,000 ரூபாவை 36 மாதங்களிற் கட்டவேண்டும். மாதத் தவணை 15,111 ரூபா. ஆனால் மாதந்தோறும் முதலின் ஒரு பகுதியை நாம் திருப்பிக் கொடுத்து வருகிறோம். கடைசி ஆண்டில் நம்மிடம் எஞ்சியிருக்கும் கடன் சிறியது. வட்டியோ தொடக்கத்தில் வாங்கிய முழுத்தொகைக்கே போகிறது. குறைந்து செல்லும் நிலுவைமீது கணித்துப் பார்த்தால், அந்த 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியாகும். உயர்தர வகுப்பு மாணவன் எவனும் இதனைச் சரிபார்க்கலாம். இவ்வகைக் கணக்குகளை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அதிகமாகத் தரவேண்டும் என்பது என் ஆசை.

மின்சார ஸ்கூட்டர் என் மனத்தைக் கவர்ந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. பெற்றோல் வரிசையை நினைத்தால் யாருக்குத்தான் அது கவர்ச்சியாயிராது? இரவில் வீட்டில் மின்னேற்றிக்கொண்டால், நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் ஓடக்கூடிய வண்டிகள் இருக்கின்றன. ஆனால் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். அதன் மின்கலம் ஈயவகையா, லித்தியம் வகையா? முன்னது மலிவானது, பாரமானது, விரைவில் வலுவிழப்பது. மின்கலத்தை மாற்ற என்ன செலவாகும்? வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? கடைக்காரர் ஒருவர் முதல் வினாவுக்கு விடை சொன்னார், இரண்டாவதற்குச் சிரித்தார், மூன்றாவதற்கு வேறொரு வண்டியைக் காட்டினார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

எஞ்சியது பழைய வண்டி. மானிப்பாயில் ஓர் அன்பர் 2018 ஆம் ஆண்டு பதிவான ஸ்கூட்டரை விற்பதாக அறிந்து போனோம். அவர் அதைப் புதிதாக இரண்டரை இலட்சம் ரூபாவுக்குள் வாங்கியவர். ஏழு ஆண்டுகள் ஓட்டிய பின் 420,000 ரூபா கேட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அதை விற்றுவிட்டு அவரும் இன்னொரு வண்டியை இன்றைய விலைக்கே வாங்கவேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்கவேண்டியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கமும் சட்ட இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்குமாயின், கடன் தீர்ந்தமைக்கு எழுத்தில் அத்தாட்சி பெறவேண்டும். உரிமையை மாற்றாமல் ஒப்பமிட்ட படிவங்களை மாத்திரம் கைமாற்றும் 'ஓப்பின் பேப்பர்' வழக்கத்துக்கு எக்காரணம் கொண்டும் உடன்படலாகாது. விபத்தொன்று நேர்ந்தால் வழக்கு யாருடைய வாசலுக்கு வருமென்று சொல்லமுடியாது. இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் சென்று கிளப்பிப் பார்க்கவேண்டும். பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கவேண்டும். சிறிய சில்லு குழியில் ஆழமாக விழும். ஆகவே ரயரையும் பிறேக்கையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டவேண்டும். 100 சீ.சீ.க்கு மேற்பட்ட இயந்திரமாயின் அதற்குரிய வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் பார்த்த பின், அவளுடைய சேமிப்பும் அவள் தாயார் பிடித்திருந்த சீட்டுக் காசும் சேர்ந்து வண்டி வீட்டுக்கு வந்தது.

அப்பியாசக் கொப்பியின் விடை

இப்போது என் கணக்கைத் தருகிறேன். பாடசாலை நாள்கள் ஆண்டுக்கு 200 என்று கொண்டால், ஓடும் தூரம் 10,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் வீதம் ஏறக்குறைய 222 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 66,600 ரூபா. எண்ணெய், ரயர், பெல்ற், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் என்பவற்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபா ஒதுக்கினேன். வண்டி இன்னும் ஆறு ஆண்டுகள் உழைக்குமென்று கொண்டால், அதன் விலையில் ஆண்டுக்கு 70,000 ரூபா கரைகிறது. ஆக மொத்தம் 166,600 ரூபா. பாடசாலை நாளொன்றுக்கு 833 ரூபா.

இரு பஸ்களிலும் போய்வர அவளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபா போதுமாயிருந்தது. வித்தியாசம் 533 ரூபா. ஆண்டுக்கு 106,600 ரூபா. இத்தொகையை நான் கொப்பியில் இருமுறை கோடிட்டு, அதன் கீழே 'வராத பஸ்ஸின் விலை' என்று எழுதினேன்.

மறுபக்கத்தில் வரவும் உண்டு. ஐந்தரைக்குப் புறப்பட்டவள் இப்போது ஆறேகாலுக்குப் பின்னர் புறப்படுகிறாள். போக ஒரு மணித்தியாலமும் வர ஒரு மணித்தியாலமும் மிஞ்சுகின்றன. ஆண்டுக்கு 400 மணித்தியாலங்கள். அவள் அந்நேரத்தில் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்துகிறாள். மாலையில் நூலகத்துக்குப் போகிறாள். சில நாள்களில் வெறுமனே உறங்குகிறாள். உறக்கமும் ஓர் ஆசிரியைக்கு வேண்டியதே. மணித்தியாலமொன்றுக்கு 266 ரூபா கொடுத்து அவள் தன் வாழ்நாளின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறாள் என்று இதனைப் பார்க்கலாம்.

ஆனால் கொப்பியில் எழுத முடியாத செலவொன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் இந்நாட்டு வீதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோகின்றனர். அவர்களுள் மோட்டார்ச் சைக்கிள் வகையில் ஏறியோரே பெருந்தொகையினர். கண்டி வீதியிற் கட்டாக்காலி மாடுகளும், முந்திச் செல்லப் போட்டியிடும் பஸ்களும் உள்ளன. பஸ்ஸில் இருந்தபோது அவள் பிந்திவிடுவாளோ என்று நாங்கள் கவலைப்பட்டோம். இப்போது அவள் வந்து சேருவாளோ என்று கவலைப்படுகிறோம். சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று அவள் தாயார் விதித்திருக்கும் சட்டம், போக்குவரத்துச் சட்டங்கள் எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன்.

பஸ் ஏன் வருவதில்லை?

1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கையின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் தரும் வழியிற் கிடைப்பதைக் கொண்டு இலாபம் தராத வழியிலும் பஸ் ஓட்டலாம் என்பது அதன் உள்ளே இருந்த நீதி. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1990 களின் தொடக்கத்திற் சபை பல கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. 2005 இல் மீண்டும் சபையாக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கிடையே, ஆள் கூடும் வழியில் இரு சாராரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவதும், ஆள் குறைந்த வழியில் இரு சாராரும் காணாமற் போவதும் வழக்கமாயின. தனியார் பஸ் அன்றாட வசூலை நம்பியது; பத்துப் பேருக்காக அது உட்கிராமத்துக்குப் போகாது. சபையின் பஸ் போகவேண்டும். ஆனால் நட்டத்தைத் தாங்குவதற்கு அதனிடம் பணமில்லை.

இங்கேதான் நான் ஆழ்ந்து யோசிக்க நேர்ந்தது. வண்டி வாங்குவதென்று முடிவான இரவில் என் பெறாமகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியப்பா, நானும் ஸ்கூட்டர் எடுத்திட்டன் எண்டால் அந்த பஸ்ஸிலை இனி ஆர் போவினம்?"

நான் உடனே விடை சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸில் நாலைந்து ஆசிரியர்கள் போனார்கள். ஒருவர் மோட்டார்ச் சைக்கிள் வாங்கினார். இருவர் ஸ்கூட்டர் வாங்கினர். ஒவ்வொருவரும் இறங்க இறங்க வசூல் குறைகிறது. வசூல் குறையக் குறைய, நின்றுபோகும் நாள்கள் கூடுகின்றன. அதைக் கண்டு இன்னொருவர் ஸ்கூட்டர் வாங்குகிறார். பஸ் வராமையால் வண்டி வாங்குகிறோம். நாம் வண்டி வாங்குவதால் பஸ் வராமற் போகிறது. மேலும், வராத பஸ்ஸைப் பற்றி அதிகாரிகளுக்கு மனு எழுதக்கூடியவர்களே முதலில் அதை விட்டு இறங்குகிறவர்கள். இறுதியில் தரிப்பிடத்தில் எஞ்சுவோர் முதியோரும், கிளினிக்குக்குப் போகும் நோயாளரும், பள்ளிப் பிள்ளைகளும். அவர்கள் பிந்தினாற் பத்திரிகையில் எழுதுவோர் இல்லை.

எனவே ஸ்கூட்டரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வாங்கவேண்டாமென்று அவளைத் தடுக்கும் உரிமையும் எனக்கில்லை. ஒருத்தியின் தியாகத்தினால் ஒரு பஸ் சேவையைக் காப்பாற்ற முடியாது. நான் சொல்ல விரும்புவது, ஒவ்வொருவரும் தத்தம் சம்பளத்தினால் தனித்தனியே வாங்கும் தீர்வு ஊரின் தீர்வாகாது என்பதே. அவள் ஆண்டுதோறும் மேலதிகமாகச் செலவிடும் 106,600 ரூபாவிற் பெற்றோல் வரியாக ஒரு பங்கு அரசாங்கத்துக்கே போகிறது. அந்த உட்கிராமப் பாதையில் இவ்வாறு செலவிடுவோர் இருபது பேராவது இருப்பர். இருபது பேரின் மேலதிகச் செலவு ஆண்டுக்கு இருபது இலட்சத்தைத் தாண்டும். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அந்த 9 கிலோமீற்றருக்கு ஒரு பஸ்ஸை ஒழுங்காக ஓட்டுவதற்கு அப்பணம் போதாதா? நாம் செலவழிக்காமல் இல்லை. சேர்ந்து செலவழிக்கும் வழியை மறந்துவிட்டோம்.

செய்யக்கூடியவை அரியனவல்ல. பாடசாலை மணியோடு பொருந்திய ஒரு பஸ் நேரசூசியை வலயக் கல்வி அலுவலகமும் பஸ் சாலையும் ஒரு மேசையில் இருந்து எழுதலாம். நட்டம் தரும் வழிக்கு மானியம் கொடுத்து, ஓடிய நாளுக்கு மாத்திரம் அதை வழங்கலாம். தொழிலுக்குச் செல்லும் சிறிய இயந்திர வண்டிகளின் மீதான தீர்வையை இலகுவாக்கலாம். பஸ் உள்ள ஊரில் ஸ்கூட்டர் ஒரு வசதி. பஸ் இல்லாத ஊரில் அது ஓர் அபராதம்.

அவள் ஸ்கூட்டரில் முதன்முறை பாடசாலைக்குப் போன நாள், மாலையில் வந்து சொன்ன செய்தியோடு இதனை முடிக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து உள்ளே திரும்பியபோது, தரிப்பிடத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஐவர் நின்றிருந்தனர். பஸ் வந்திருக்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தினாள். ஒருவரைத்தான் ஏற்றலாம், அதற்கும் இரண்டாவது தலைக்கவசம் இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, "நீங்கள் போங்கோ ரீச்சர்" என்றார்களாம். அவள் ஏழு பத்துக்குப் பாடசாலையை அடைந்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டாள். பிள்ளைகள் எட்டே முக்காலுக்கு வந்தார்கள். முதலாம் பாடம் கணிதம்.

மறுவாரம் அவள் இரண்டாவது தலைக்கவசம் ஒன்று வாங்கினாள். நானோ சாவகச்சேரிப் பஸ்ஸைப் பற்றி ஒரு மனு எழுதி, அந்த ஊரவர்களிடம் ஒப்பம் வாங்கி வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு ஒப்பங்கள் சேர்ந்துள்ளன. ஸ்கூட்டர் வைத்திருப்போரின் ஒப்பங்களையே முதலில் வாங்கினேன்.